மெர்வினின் மூச்சு

நாக்கு அந்தப் பல்லை விட்டு நகர மாட்டேன் என்கிறது. போய்த் தள்ளுகிறது, பல் முன்னால் சாய்கிறது, நாக்கை எடுத்தால் பின்னால் வருகிறது, கீல் தளர்ந்த கதவு மாதிரி. இன்றைக்கு மத்தியானத்துக்குள் இந்தக் கதவு போய்விடும், பக்கத்துக் கதவுகளும் போய்விடும். மேல்வரிசையில் முன்னாடி இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துடறது நல்லது அங்கிள், ஈறு பூரா சீழ் வெச்சிருக்கு, விட்டா எலும்புக்குப் போயிடும் என்று போன வாரம் அந்த டாக்டர் பெண் சொன்னபோது சரி சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். புரசைவாக்கம் கடைத்தெருவில் இறங்கி, ஒரு பாத்திரக் கடை வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோதுதான் உறைத்தது. மேல்வரிசை முன்பல். சாக்ஸபோனின் மௌத்பீஸ், ரீடு என்கிற நாணல் சீவலைக் கட்டின முனை, வந்து உட்காருகிற இடம் அது. கீழே உதடு, மேலே பல். ஊதும்போது அதிர்வு பல் வழியாக ஏறி, மேல்தாடைக்குப் போய், மண்டைக்குள் பரவும். வெளியே நிற்கிறவனுக்குக் கேட்கிற சத்தம் ஒன்று, ஊதுகிறவனுக்கு மட்டும் எலும்புக்குள் கேட்கிற சத்தம் இன்னொன்று. அறுபது வருஷமாக அந்த இரண்டாவது சத்தம்தான் எனக்குத் துணை. பல் செட்டு வைத்துக்கொண்டு ஊதுகிறவர்கள் இல்லையா, இருக்கிறார்கள். ஆனால் பிளாஸ்டிக் எலும்பாகுமா. எதற்கு இப்போது அதெல்லாம், யார் கேட்கப்போகிறார்கள், சாயங்காலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மேல்வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை என்பதால் சாக்ஸபோனின் புனல் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு ஊதுகிற கிழவனுடைய பல்லுக்கு இத்தனை விசாரம் வேண்டாம். மறுபடி நாக்கு. தள்ளு. வா.

கிளினிக் கூடத்தில் கிராம்புத் தைல வாசனை. ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது, ஒரு பெண் கத்தரிக்காய் நறுக்குகிறாள், வாய் அசைகிறது, என்ன சொல்கிறாளோ. உள்ளே பல் குடைகிற மெஷின் ஒரு தடவை கீச்சென்று ஏறி இறங்கியது, மேல் ஸ்தாயியில், எனக்குத் தொடை இறுகிவிட்டது. பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது. வந்தவுடனே ரிசப்ஷன் பெண் "கூட யார் வந்திருக்காங்க தாத்தா?" என்று கேட்டபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது, "மகன். வண்டி நிறுத்த இடம் தேடிட்டிருக்கான்." எங்கிருந்து வந்தான் இந்த மகன்? எனக்கும் புஷ்பத்துக்கும் பிள்ளை இல்லை. ஆரம்பத்தில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம், பிறகு அதை நாங்கள் இருவரும் பேசாமலே நிறுத்திக்கொண்டோம். இப்போது பக்கத்து நாற்காலி அம்மாள் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, "இந்த ஏரியாவுல வண்டி நிறுத்தறது பெரிய ரோதனை, பாவம் உங்க பையன். என்ன பண்றாரு?" என்கிறாள். "ரயில்வேயில." "நல்ல வேலை. பசங்க இருக்காங்களா?" "ஒரு பொண்ணு. பரீட்சைக்குப் படிக்குது." மேல்வீட்டுப் பெண்ணைத் தூக்கி அவன் மடியில் உட்கார வைத்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு அவ்வளவு சந்தோஷம், கன்னத்தை மறந்து சிரித்துவிட்டு, வலியில் உஸ்ஸென்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் அவன் தெருவில் எங்கோ பின்னோக்கி வண்டியை எடுத்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. நெற்றி வியர்த்திருப்பான். அப்பா தனியா உட்கார்ந்திருப்பாரே என்று அவசரப்படுவான்.

தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் ஐந்து பேர் நின்ற காலத்திலும் கொஞ்சம் தனியாகத்தான் நின்றேன். சிக்னல்மென். பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த பையன்கள் சேர்ந்து போட்ட பேண்ட், பாட்டுக்காரன் கிடையாது, கிதார், டிரம்ஸ், பேஸ், மராக்கஸ் என்கிற கிலுகிலுப்பையைக் குலுக்க ஒருவன், நடுவில் சாக்ஸபோன். லீடர் ரோலண்ட் டிக்ரூஸ், பகலில் இரும்பை அளந்து பொருத்துகிற பிட்டர், ராத்திரியில் கிதார். அவன்தான் அந்த டியூனைப் போட்டான், 'காரம்பா' என்று பெயர். ஸ்பானிஷ்காரன் ஆச்சரியப்பட்டால் சொல்கிற வார்த்தையாம். துறைமுகத்தில் ஏதோ மாலுமி சொல்லக் கேட்டிருக்கிறான். கியூபா பக்கத்துத் தாளம், இடுப்பைத் தானாக ஆட்டிவிடுகிற தாளம், ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று எல்லாம் நிற்கும், நின்ற இடத்தில் ஐந்து பேரும் சேர்ந்து "காரம்பா!" என்று கத்த வேண்டும், அந்தப் பாட்டில் உள்ள ஒரே வார்த்தை அதுதான். ஜனங்கள் அதை 'காரம்ப்பா' என்று எடுத்துக்கொண்டார்கள். மிளகாயைக் கடித்துவிட்டவன் மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு கத்துவார்கள். கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவசர அவசரமாக ரெக்கார்ட் பண்ணினார்களாம், கல்கத்தாவில் இசைத்தட்டு அச்சாகி வந்தது, சிலோன் ரேடியோவில் போட்டார்கள், அவ்வளவுதான், பெங்களூர், கோலார், திருச்சி பொன்மலை, எங்கெல்லாம் ரயில்வேக்காரர்கள் கூடி ஆடுகிற இன்ஸ்டிட்யூட் இருக்கிறதோ அங்கெல்லாம் கூப்பிட்டார்கள். பண்ணினார்களாம் என்கிறேன், ஏனென்றால் நான் அந்த ஸ்டுடியோவில் இல்லை. தட்டில் ஊதுகிறவன் மெர்வின். மெர்வின் லோபோ. ரெக்கார்டு முடிந்த கையோடு குடும்பத்தோடு கப்பலேறி ஆஸ்திரேலியா போய்விட்டான். ஆங்கிலோ இந்தியர்களில் வெள்ளைக்காரனாகத் தெரிகிறவர்களைத்தான் அப்போது அங்கே எடுத்துக்கொண்டார்கள், மெர்வினுக்கு வெள்ளைத் தோல், பூனைக் கண், அதனால் அவனுக்குக் கதவு திறந்தது. ரோலண்டும் எழுதிப் போட்டான், ரோலண்டுக்கு அவன் அம்மா நிறம், கிடைக்கவில்லை. பாட்டு ஊரெல்லாம் ஓடுகிறது, ஊத ஆளில்லை. ராயபுரத்தில் கல்யாண பேண்ட் செட்டில் ஊதிக்கொண்டிருந்த என்னை ரோலண்ட் வந்து பிடித்தான். மாப்பிள்ளை ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்போதே கூட நடந்து வந்து காதில் கேட்டான், "ஏய் மேன், உன் பேரென்ன?" எட்வின் ஞானாபரணம் என்றேன். "நீளமா இருக்கு. எட்டி."

அவன் குவார்ட்டர்ஸில் ரேடியோவோடு தட்டும் போடுகிற ரேடியோகிராம் இருந்தது. அதன் எதிரே தரையில் உட்கார்த்தி வைத்துத் தட்டைப் போட்டான். "இதுல இருக்கிற மாதிரியே ஊதணும். ஒரு நூல் மாறக்கூடாது" என்றான், பிட்டர் பாஷை. "ஜனங்க இதுக்குத்தான் வராங்க. உனக்காக வரல, எனக்காகவும் வரல." முள்ளை எடுத்து எடுத்துத் திரும்பத் திரும்ப வைத்து, தட்டின் கறுப்பு வெளிறிச் சாம்பலாகிப்போகிற வரை கேட்டேன். முதலில் ஸ்வரங்கள் வந்தன, அது கஷ்டமில்லை. அப்புறம் அவன் வழுக்குகிற இடங்கள். அப்புறம் அவன் மூச்சு. கூர்ந்து கேட்டால் தட்டில் அவன் மூச்சு இழுப்பது கேட்கும், இரண்டு வரிக்கு நடுவே, பசித்தவன் சோற்றைக் கண்டதுபோல் ஒரு சின்ன 'ஹ'. அவன் இழுக்கிற இடத்தில் நானும் இழுக்காவிட்டால் அடுத்த வரி அவன் மாதிரி வராது. என் நெஞ்சுக்கு அங்கே மூச்சு தேவையில்லை, என் நெஞ்சு பெரியது, இன்னும் நாலு அடி தாங்கும். ஆனாலும் இழுத்தேன். அதற்குப் பிறகு அந்த உடைசல். நடுவில் ஒரு உச்ச ஸ்வரம், போய்த் தொட்டதும் இரண்டாகப் பிளந்து, கிழிந்து, உடனே கூடிவிடும், பதின்வயசுக்காரன் குரல் உடைகிற மாதிரி. ஜனங்களுக்கு உயிரே அந்த இடம்தான். அதை வரவழைக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. உதட்டை எப்படி வைப்பது, தொண்டையை எவ்வளவு இறுக்குவது என்று தேடித் தேடி, ஒருநாள் சரியாக உடைந்தபோது ரோலண்ட் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தான். "மெர்வின் வந்துட்டான்!" என்றான். எனக்கும் அன்றைக்கு சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லை என்று இப்போது சொன்னால் பொய்.

உள்ளே மெஷின் நின்றுவிட்டது. யாரோ வாய் கொப்பளிக்கிறார்கள். என் முறைக்கு இன்னும் ஆள் இருக்கிறது, இருக்கட்டும். நாக்கே, சும்மா இரு.

ஒரே ஒரு தடவை மாற்றி ஊதினேன். மவுண்ட் ரோடு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஜாம் செஷன், எலுமிச்சை ஜூஸும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு காலேஜ் பையன்களும் பெண்களும் ஆடுவார்கள். அன்றைக்கு ஏன் என்று தெரியவில்லை, நல்லாத் தூங்கியிருந்தேனோ என்னவோ, மெர்வின் மூச்சு வாங்குகிற இடம் வந்தது, நான் வாங்கவில்லை. தாண்டிப் போய்விட்டேன். தாண்டினதும் கீழே தரை இல்லாதது மாதிரி இருந்தது, ஆனால் விழவில்லை, ஸ்வரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எங்கேயோ போயின, மெதுவான ஒரு இடத்துக்கு, மராக்கஸ்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. என்ன ஊதினேன் என்பதுதான் ஞாபகம் இல்லை. ஆடுகிறவர்களுக்குக் கால் பின்னிக்கொண்டது. ஒருத்தி நின்றுவிட்டாள், அவள் ஜோடியும் நின்றான், அப்படியே ஒவ்வொருவராக நின்று, கூடத்தின் நடுவில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கோபமில்லை, பஸ் வேறு தெருவில் திரும்பிவிட்டால் பயணிகள் டிரைவரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், "மெஷின் கோளாறு! ரெக்கார்டைப் போடுங்கப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் போய் மெர்வினுடைய உடைசலில் ஏறிக்கொண்டேன், உடனே கைதட்டல், உடனே ஆட்டம். முடிந்து பெட்டியில் சாக்ஸை வைக்கும்போது ரோலண்ட் பக்கத்தில் வந்து குந்தினான். திட்டுவான் என்று நினைத்தேன். "எட்டி, நீ ஊதினது நல்லா இருந்தது மேன், நெஜமா சொல்றேன்" என்றான். "ஆனா அதை வேற எங்கயாவது ஊது." வேற எங்கே? கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

புஷ்பத்துக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. பிடிக்காது என்று சொல்லமாட்டாள், ஆரம்பித்தவுடன் எழுந்து போய்த் துணி மடிப்பாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டாள், "இதை ஊதறப்ப நீங்க யாரையோ பார்த்துட்டே இருக்கீங்க. யாரை?" யாரையும் இல்லை என்றேன். "மூஞ்சி வேற மாதிரி ஆயிடுது. எனக்கு பயமா இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். கொரோனாவில் அவளைக் கொண்டுபோனார்கள், வெள்ளை உடுப்புப் போட்டவர்கள், தெருமுனை வரைக்கும்கூட விடவில்லை. கடைசியாக அவள் சொன்னது காஸை மூடினீங்களா என்பது. மூடியிருந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் பேசுவது குறைந்து, ஊதுவது அதிகமாயிற்று. ஊத உட்கார்ந்தால் என்ன வரும், காரம்பாதான் வரும், வேறொன்று தொடங்கினாலும் கொஞ்ச தூரத்தில் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும், வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி. யாருடைய வீடு என்பதுதான் கேள்வி.

மெர்வின் ஒருமுறை வந்தான். பேண்டெல்லாம் கலைந்து போயிருந்தது, ஹோட்டல்காரர்கள் கேசட் போட ஆரம்பித்துவிட்டார்கள், நான் துறைமுகத்தில் கிளார்க். கிறிஸ்துமஸுக்கு வேப்பேரியில் அவன் அக்கா வீட்டுக்கு வருகிறான் என்று தெரிந்து, ரோலண்ட் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து இன்ஸ்டிட்யூட்டில் ஒரு சாயங்காலம் ஏற்பாடு செய்தான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான் மெர்வின், பருத்து, சிவந்து, மொட்டையாகி, முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. ஊதச் சொல்லிக் கெஞ்சினார்கள், மாட்டேன் என்றுவிட்டான், அங்கே போன கொஞ்ச நாளிலேயே சாக்ஸை விற்றுவிட்டானாம், தபாலாபீஸில் மூட்டை பிரிக்கிற வேலை. ஆகவே அவன் எதிரில் நான் ஊதினேன். அவன் வழுக்கலை வழுக்கி, அவன் மூச்சை இழுத்து, அவன் உடைசலை உடைத்து. கூட்டம் எழுந்து நின்று "காரம்ப்பா!" என்றது. அவன் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்து, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தான். "நடுவுல அந்த நோட்டை ஏன் உடைக்கிறே?" என்றான். தமிழ் அவன் வாயில் துருப்பிடித்திருந்தது.

"தட்டுல அப்படித்தானே இருக்கு."

கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தான். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தான். "ஐயோ மேன், அது ரீடு! ஓரத்துல பிளந்திருந்தது. இன்னொரு தடவை எடுக்கலாம்னு கெஞ்சினேன், ஸ்டுடியோக்காரன் சாப்பிட்டு வந்துட்டான், வெளியே போங்கன்னுட்டான். வீட்டுக்கு வந்து அழுதேன், தெரியுமா? ரோலண்டைக் கேளு." சிரிப்பு மெதுவாக நின்றது. "இத்தனை வருஷமா நீ என் பிளந்த ரீடையா ஊதிட்டிருந்தே?"

"மூச்சையும்தான்" என்றேன்.

"அப்ப எனக்கு ஆஸ்துமா இருந்தது" என்றான்.

பிறகு அவன் ஒரு மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டு, என் எதிரில் உட்கார்ந்தான். "சரி. உன்னோடதை ஊது. கேக்கறேன்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் பெரிய கஷ்டம். உண்மையாகவே கேட்க உட்கார்ந்தான். நான் சாக்ஸை எடுத்துப் பல்லில் வைத்தேன். மூச்சை இழுத்தேன். இழுத்த விதம் அவனுடையது, தெரிந்தது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். ஹோட்டலில் வந்ததே, தரையில்லாமல், அதைத் தேடினேன். விரல் போகிற இடமெல்லாம் அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். அவன் காத்திருந்தான். பெருக்குகிற பெண் எங்களைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள். கடைசியில் அவன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "ஸாரி மேன்" என்றான். எதற்கு ஸாரி, அவன் என்ன செய்தான். போன வருஷம் ரோலண்டின் பெண் போன் செய்து சொன்னாள், மெர்வின் அங்கிள் பெர்த்தில் இறந்துட்டாராம். ரோலண்ட் முன்பே போய்விட்டான். டிரம்ஸ்காரன், பேஸ்காரன், மராக்கஸ், ஒவ்வொன்றாகப் போய், இப்போது அந்தத் தட்டு சம்பந்தப்பட்டவர்களில் மூச்சு விடுகிறவன் நான் மட்டும்தான். அதில் இல்லாதவன்.

"எட்வின் சார். உள்ள போகலாம்." ரிசப்ஷன் பெண் எதிரில் நிற்கிறாள். குனிந்து, பக்கத்து அம்மாளுக்குக் கேட்காதபடி, "உங்க பையன் இன்னும் வரலியே தாத்தா?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளே, "பரவாயில்ல. முடிஞ்சதும் நானே கீழ வந்து ஆட்டோ ஏத்தி விடறேன்" என்றாள். பெரிய தோடு போட்டிருக்கிறாள். தலையாட்டினேன்.

நாற்காலி என்னைச் சாய்த்துக்கொண்டே போகிறது, தலை கீழே, கால் மேலே, கண்ணுக்கு நேரே வட்ட விளக்கு. டாக்டர் பெண்ணின் கண்கள் மட்டும் முகமூடிக்கு மேலே தெரிகின்றன. "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அங்கிள்." எறும்பில்லை, தேள். அண்ணத்தில் ஒரு ஊசி, ஈறில் ஒன்று, இன்னொன்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவள் பஞ்சால் ஒற்றினாள். "கொஞ்ச நேரம் மரத்துப்போகட்டும்" என்று கையுறையோடு உட்கார்ந்திருந்தவள், என் கையைப் பார்த்தாள். "என்ன அங்கிள், விரல் டைப் அடிக்குது? பயமா?"

"சாக்ஸபோன்" என்றேன். "பழக்கம்."

"வாசிப்பீங்களா! எந்தப் பாட்டு?"

"காரம்பா."

அவள் நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "கேள்விப்பட்டதில்லையே. பாடிக் காட்டுங்க, மருந்து பிடிக்கிற வரைக்கும்."

யாரும் இப்படிச் சொன்னதில்லை. காரம்பா என்றால் கண்ணை விரித்து, அந்தத் தட்டுல ஊதினது நீங்களா என்றுதான் கேட்பார்கள். நான் அண்ணாந்து, விளக்கைப் பார்த்துக்கொண்டு முனக ஆரம்பித்தேன். முதல் வரி எப்படியோ வந்தது. அதற்குள் மேலுதடு எங்கோ போய்விட்டது, யாருடையதோ தடித்த உதடு என் முகத்தில் ஒட்டியிருக்கிறது, காற்று ஓரத்தில் ஒழுகுகிறது. மெர்வின் மூச்சு வாங்குகிற இடத்துக்கு முன்பே எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது, வாங்கினேன், இந்த இடத்தில் நான் மூச்சு வாங்கினதே இல்லை, வாங்கினதால் அடுத்த வரியை அவன் தொடுகிற இடத்தில் தொட முடியவில்லை, கீழே தொட்டேன். கீழே இன்னொரு ஸ்வரம் இருந்தது. அது போன பக்கம் போனேன். உச்சத்துக்கு ஏற முடியவில்லை, ஏறவில்லை. தாளம் எங்கேயோ விழுந்துவிட்டது, எடுக்கவில்லை. மெதுவாக, ஒழுகிக்கொண்டு, கோணலாக அது போய்க்கொண்டே இருந்தது, போகிற வழி எனக்குத் தெரியாது, பயமாக இருந்தது, இருந்தாலும் நிறுத்தத் தோன்றவில்லை. கிண்ணத்தில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸின் கை சத்தம் நின்றது. எச்சில் காது வரை வழிந்தது. ஒரு இடத்தில் அதுவாகவே முடிந்தது.

டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கியிருந்தாள். சின்னப் பெண், இன்னும் கன்னத்தில் பரு. "நல்லா இருக்கே அங்கிள்" என்றாள். "யார் போட்டது?"

நான் யோசித்தேன். அவசரமில்லை.

"எந்நோதது."

"என்ன?"

மரத்த உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "என்னோடது."

"சரி" என்று முகமூடியை ஏற்றிக்கொண்டாள். "வாயை நல்லாத் திறங்க."

திறந்தேன்.